குப்பைக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்தலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். போன வருடம் எங்கள் தெருவில் பேவர் பிளாக் பதித்தார்கள். இந்த வருடம் கழிவுநீர்க் கால்வாய் கட்ட என்று அதையே பெயர்த்துவிட்டு, மறுபடி பதிக்க டெண்டர் விட்டிருக்கிறார்கள். குப்பை வண்டி வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாலே பெரிது; ஆனால் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் தவறாமல் வருகிறது. கவுன்சிலரைக் கேட்டால் கமிஷனரைக் கை காட்டுகிறார். அங்கே போனால் ‘மன்றத் தீர்மானம் அப்படி’ என்கிறார்கள். எல்லோருமாக வரி கட்டுவதை நிறுத்திவிட்டு, தெருமுனையில் பேனர் வைக்கலாம் என்று எங்கள் சங்கத்தில் பேச்சு. சட்டப்படி இது சரியா? (குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்)

பதில்: வரியை நிறுத்தாதீர்கள். ‘ரோடு போடவில்லை, அதனால் வரி கட்டமாட்டேன்’ என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. வரி என்பது பொதுச் செலவுக்காகச் சட்டம் வசூலிக்கும் பணம்; கொடுத்த பணத்துக்கு இன்ன சேவை என்று கணக்குக் கேட்கும் உரிமை அதில் இல்லை. நிறுத்தினால் நிலுவை ஏறும், அபராதம் சேரும், குடிநீர் இணைப்பில் கை வைப்பார்கள், ஜப்தி வரை போகலாம். அப்புறம் உங்கள் புகாரை யாரும் பேசமாட்டார்கள், பாக்கியைத்தான் பேசுவார்கள்.

குப்பைக் கட்டணம் வேறு ரகம். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954-இல், சென்னை மாகாணத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கிலேயே விளக்கிவிட்டது: கட்டணம் என்றால் பதிலுக்கு ஒரு சேவை இருக்க வேண்டும். ஆனால் 1983-இல் வந்த ஸ்ரீநிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் தீர்ப்பு அதைக் கொஞ்சம் தளர்த்தியது. பைசாவுக்குப் பைசா பொருந்தத் தேவையில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்றது. ஆகவே வண்டி சில நாள் வரவில்லை என்பதை வைத்துக் கட்டணத்தை ரத்து செய்ய முடியாது. மாதக்கணக்கில் உங்கள் தெருவுக்கே வரவில்லை என்றால் வாதம் உண்டு. அதற்குத் தேதி போட்ட குறிப்பும், கொடுத்த புகார்களின் ஒப்புகையும் கையில் வேண்டும்.

இந்தக் கட்டணத்தின் வேரையும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உள்ளாட்சி அமைப்பின் துணைவிதியில் (அந்த அமைப்பே இயற்றும் விதியில்) குறிப்பிட்ட கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்றுதான் சொன்னன. அப்படியானால் உங்கள் நகராட்சியின் துணைவிதி எங்கே? தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது, என்ன வீதம் போட்டார்கள்? ‘மன்றத் தீர்மானம்’ என்று வாயால் சொன்னால் போதாது, காட்டட்டும். அதுவரை, ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறோம்’ என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

இனி பேவர் பிளாக். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், நீங்களோ இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் உரிமை தருவது ‘குடிமக்களுக்கு’ என்பதால், அதைச் சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். யாராவது ஒருவர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திடட்டும்.

என்னிடம் வரும் மனு நகல்களில் பாதி, ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்றுதான் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணம் மட்டுமே கிடைக்கும். எனவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: போன வருட வேலையின் மதிப்பீடு, வேலை உத்தரவு, பில் தொகை வழங்கிய விவரம், அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள். ஒப்பந்ததாரர்கள் ‘எம்-புக்’ என்பார்களே, அதுதான் இந்த அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், என்ன கனம் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பில் பாஸ் ஆகும். அந்தப் பக்கத்தையும் ஒரு டேப்பையும் வைத்துக்கொண்டு தெருவில் நின்றால், ஆயிரம் பேனர் சொல்லாததை அது சொல்லிவிடும். உங்கள் தெருவில் கல்லைப் பெயர்த்துவிட்டதால் அகலத்தை இனி அளக்க முடியாமல் போகலாம். பழைய புகைப்படங்கள் யாரிடமாவது இருக்கும், தேடி எடுங்கள்.

இன்னொன்று கேளுங்கள்: பெயர்த்த கற்கள் எங்கே? அவை நகராட்சியின் சொத்து. எங்கே அடுக்கியிருக்கிறார்கள், எந்த இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, மறுபடி பதிக்கத் தகுந்தவற்றின் மதிப்பைப் புதிய மதிப்பீட்டில் கழித்திருக்கிறார்களா? அனுபவத்தில் சொல்கிறேன், இந்த ஒரு கேள்வி போன பிறகு அலுவலகத்தின் பேச்சுத் தொனியே மாறும். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(j) இடம் தருகிறது. மறுபடி பதிக்கும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பதில் தர 30 நாள். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம்தான், மறைக்கவில்லை. ஆனால் தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். அது அவர் சொந்தப் பணம் என்பதால் பலர் முதல் மேல்முறையீட்டிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

அதே மனுவில், கடந்த ஆண்டுகளின் உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையையும் கேட்டுவிடுங்கள். நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள், அதாவது தணிக்கையாளர் எழுப்பி இன்னும் தீராத ஆட்சேபணைகள், அதில் இருக்கும். நீங்கள் சந்தேகப்படுவதை அரசுத் தணிக்கையாளரே முன்பே எழுதி வைத்திருக்கக்கூடும்.

பகுதி சபாவை ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் அது கூடுகிறது. கவுன்சிலர்தான் தலைவர், வாக்காளர்கள் உறுப்பினர்கள். கூட்டம் நடக்கவில்லை என்றால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

பேனர் வேண்டாம். ‘கவுன்சிலர் கொள்ளை’ என்று எழுதினால், ஆதாரம் கைக்கு வருமுன்பே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-இன் கீழ் அவதூறு வழக்கில் நீங்கள் நிற்பீர்கள். அனுமதியில்லாத பேனர் என்று தனியாக இன்னொரு வழக்கு.

ஆவணங்கள் வந்து, அளவில் முறைகேடு தெரிந்தால் இரண்டு வழி. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்க அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் (ஆம்பட்ஸ்மேன்) புகார் செய்யலாம். லஞ்சம் கைமாறியதற்குத் தடயம் இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போகலாம். உயர் நீதிமன்ற ரிட் மனு அதற்கும் பிறகு. இப்போதே போனால், ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவோடு அதே கமிஷனர் அலுவலகத்துக்குத் திரும்பி வருவீர்கள். எம்-புக் நகலும் தணிக்கைத் தடையும் கையில் இருந்தால், அப்போது என்ன கோரிக்கை வைப்பது என்பதை அவற்றைப் பார்த்த பிறகு எழுதுகிறேன். தகவல் உரிமை மனுவை மட்டும் புதுக் கல் பதிக்கத் தொடங்குமுன் அனுப்பிவிடுங்கள்.