பொம்மை விழாவுக்குப் பிள்ளையோட போறம்: கேள்வி பதில்

பொம்மை சேகரிக்கிறவர்கள் கூடும் விழாவுக்கு முதல் தடவையாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போக இருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் கேட்டவை இவை. கேட்டவரின் ஊர் மட்டும் போட்டிருக்கிறது. பதில் முழுக்க ஒரே ஆளுடையது.

கல்லடி: அக்கா, மகளுக்கு ஏழு வயசு. கொழும்பில நடக்கிற விழாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரே அரியண்டம். அங்க என்ன இருக்கும்? விளையாட விடுவாங்களா?

விளையாட்டுச் சாமான் கடை என்று எண்ணிப் போனால் உங்களுக்கும் ஏமாற்றம், பிள்ளைக்கும் ஏமாற்றம். மண்டபத்துக்குள் மேசைகள் மூன்று வகை. ஒன்று காட்சி மேசை: பார்க்கலாம், தொடக் கூடாது. மற்றது விற்பனை மேசை: கேட்டுவிட்டுத் தொடலாம். மூன்றாவது மாற்று மேசை: உங்களிடம் உள்ள சின்னச் சட்டை, சப்பாத்து, தொப்பியை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரியான இடம் அந்த மாற்று மேசைதான். சுத்தமான நாலைந்து பொம்மைச் சட்டைகளை மகளின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

காட்சியில் 29 செ.மீ. பார்பி (முதல் பொம்மை 1959இல் வந்தது), நூலை இழுக்க இழுக்கக் கண் நாலு நிறமாக மாறும் பிளைத் (1972இல் ஒரே வருடம் விற்று நின்றது, 2001இல் ஜப்பானில் மறுபடி வந்தது), மூட்டு மூட்டாகத் திரும்பும் 60 செ.மீ. ரெசின் (வார்த்தெடுக்கிற கடினப் பிளாஸ்டிக்) பொம்மை, பீங்கான் தலைப் பொம்மை எல்லாம் இருக்கும். யாராவது தஞ்சாவூர்த் தலையாட்டியோ அம்பலாங்கொடை நூல் பொம்மையோ கொண்டுவந்திருந்தால் அங்கே கொஞ்சம் கூட நேரம் நில்லுங்கள். அவை ஆடுவதற்கென்றே செய்தவை. கேட்டால் உடையவர் ஆட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

கதவு திறந்த முதல் ஒரு மணித்தியாலம் போக வேண்டாம். விற்பனை மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் முண்டியடிக்கிற நேரம் அது, பிள்ளையின் கண்ணுக்கு முதுகுகள்தான் தெரியும்.

ஆரையம்பதி: என்ட மகனுக்கு அஞ்சு வயசு, கண்டதெல்லாம் கையில எடுப்பான். எப்பிடிப் பழக்கிற?

அஞ்சு வயதில் “தொடாதே” என்று மட்டும் சொன்னால் கை கேட்காது. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அவனுடைய சொந்தப் பொம்மை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மேசையில் உள்ளவர்களும் “உன்ட பொம்மைக்கு என்ன பேர்?” என்று கேட்பார்கள், பேச்சுத் தொடங்கிவிடும்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னிருந்து வீட்டில் பழக்குங்கள். மேசையில் ஒரு கோப்பையை வைத்து, “தொடலாமா?” என்று அவன் கேட்கவும், நீங்கள் சிலவேளை “ஓம்”, சிலவேளை “இல்லை” சொல்லவும் வேண்டும். “இல்லை”க்கும் அழாமல் நிற்கப் பழகுவதுதான் இதில் முக்கியம். மண்டபத்தில் கேள்வி உங்களிடம் வராமல் பொம்மைக்கு உடையவரிடம் போகட்டும்.

காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். ரெசின் பொம்மையின் முகம் கையால் வரைந்தது. சோக்குத் தூளும் அக்ரிலிக் வர்ணமும் பூசி, மேலே மெல்லிய மங்கல் பூச்சு அடித்திருப்பார்கள். நகம் பட்டால் கீறும், வியர்வையும் எண்ணெயும் பட்டால் பளபளக்கும். திரும்ப வரைவதென்றால் முழு முகத்தையும் அழித்துவிட்டுத்தான். மயிரும் பலதில் ஒட்டியிராது. உள்ளே ஒரு சிலிக்கன் தொப்பி, அதன் மேல் விக். பிள்ளை தலையைத் தடவினால் விக் கையோடு வரும், அதைக் கண்டு பிள்ளை பயந்து அலறும்.

உடையவர் தூக்கத் தந்தால்: ஒரு கை பிடரிக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குக் கீழே. கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மூட்டுகள் உள்ளே இறுக்கிய இலாஸ்டிக்கால் பிணைந்தவை, மடித்த கால் சடாரென்று நீளும். இடையில் விரல் அகப்பட்டால் நோகும். பிள்ளை நிலத்தில் இருந்துகொண்டு மடியில் வாங்குவது நல்லது.

உள்ளே போகமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். சானிடைசர் பூசிய ஈரக் கையோடு பொம்மைக்குக் கிட்டப் போக வேண்டாம், அதிலுள்ள மதுசாரம் வர்ணத்தைக் கரைக்கும். மோதிரம், காப்பு, நீளச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அக்கரைப்பற்று: ராத்தா, மூத்தவளோட ரெண்டு வயசுத் தம்பியையும் கொண்டுபோகலாமா?

வீட்டில் உம்மும்மாவோடு விடமுடிந்தால் விடுங்கள். பொம்மைச் சப்பாத்து, கண், பொத்தான் எல்லாம் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ., அதற்குள் முழுதாக அடங்குகிற துண்டு மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆகாது. மண்டபத்தில் கிடப்பதில் பாதி அதற்குள் அடங்கும்.

அதைவிடப் பெரிய பயம் காந்தம். ரெசின் பொம்மைகளில் தலை மூடி, கை, சிலதில் முகமும் சின்னக் காந்தத்தால்தான் ஒட்டி நிற்கும். அது கழன்று நிலத்தில் கிடந்தால் யாருக்கும் தெரியாது. பிள்ளை இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மலத்தோடு வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பொத்தான் பற்றரிக்கும் இதே கதைதான்.

கூட்டிப்போகத்தான் வேணும் என்றால் தூக்கிக்கொண்டே இருங்கள், நிலத்தில் விடவேண்டாம். தள்ளுவண்டி மேசைச் சீலையில் மாட்டி இழுத்தால் மேசையே வரும்.

காரைதீவு: எங்கட பக்கம் ரயில் இல்ல. பஸ்ஸில மட்டக்களப்பு, அங்கயிருந்து கோச்சி. மகள்ட பொம்மைய எப்பிடிக் கட்டிக் கொண்டுபோற?

முதலில் முகம். கழுவிய வெள்ளைப் பருத்திச் சீலையை நாலாக மடித்து முகத்தின் மேல் வைத்து, பிடரியில் தளர்வாகக் கட்டுங்கள். கண்ணிமை மயிர் நசியாமல் இருக்க, கண்ணுக்கு நேரே சின்னப் பஞ்சு வளையம் வைக்கலாம். பிறகு முழு உடம்பையும் வெள்ளைத் துவாயால் சுற்றி, பக்கம் கடினமான பெட்டியில் வையுங்கள். ஆடுகிற இடமெல்லாம் பழைய சோக்ஸை அடையுங்கள். ரெஜிபோம் துண்டு பொம்மையில் நேரே முட்டக் கூடாது. சொப்பின் பையில் சுற்றவே வேண்டாம். வினைல் (பார்பி போன்றவற்றின் மெதுவான பிளாஸ்டிக்) பொம்மையோடு பொலித்தீனும் இறப்பர்ப் பட்டியும் நாட்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் வினைலை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து, ஒட்டிய இடம் உருகியதுபோல் தழும்பாகும். நிறத் துவாயும் கூடாது, சாயம் இறங்கும்.

கண் மூடித் திறக்கிற பழைய பீங்கான் பொம்மையை மட்டும் குப்புற வையுங்கள். கண்ணுக்குப் பின்னால் ஈயக் குண்டு தொங்குகிறது. மல்லாக்கக் கிடத்திக் குலுங்கினால் குண்டு உள்ளே அடித்துத் தலை வெடிக்கும், அல்லது கண் உள்ளே விழும்.

பெட்டியை பஸ்ஸின் எஞ்சின் மேலோ வெயில் விழுகிற கண்ணாடிக்குக் கீழோ வைக்க வேண்டாம். வான் பிடித்துப் போகிறவர்கள் சாப்பிட இறங்கும்போது பொம்மையையும் இறக்குங்கள். நம்முடைய வெயிலில் பூட்டிய வாகனத்தின் உள்சூடு 50 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் கண்ணை ஒட்டிய பசை இளகும், இலாஸ்டிக் தளரும், வினைல் முகம் பெட்டியில் அழுந்திய பக்கமாகக் கோணும்.

மருதமுனை: கைத்தறிச் சீலைத் துண்டு வீட்டில நிறையக் கிடக்கு. பார்பிக்குச் சேல கட்டிக் கொண்டுபோனா அழகா இரிக்குமா? என்ன அளவில வெட்டிற?

அழகாக இருக்கும், மாற்று மேசையில் முதலில் போவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் மருதமுனைச் சேலையின் கனத்தை மறக்கக் கூடாது.

பார்பி ஆறில் ஒரு பங்கு அளவு. 5.5 மீற்றர் நீளம், 115 செ.மீ. அகலமுள்ள சேலையை ஆறால் வகுத்தால் 92 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம் வரும். அகலம் சரி: இடுப்பிலிருந்து குதிவரைக்கும் ஏறத்தாழ 18, செருகுவதற்கு 1. நீளம்தான் பிழைக்கும். அளவை வகுக்கலாம், நூலின் தடிப்பை வகுக்க முடியாது. 92 செ.மீ. கைத்தறியில் ஏழு கொய்யகம் வைத்தால் வயிற்றில் பொட்டணி கட்டினமாதிரி நிற்கும். 70 செ.மீ. போதும், கொய்யகம் நாலு. மெல்லிய வொயில் என்றால் முழு 92ஐயும் வைக்கலாம். 43 செ.மீ. பொம்மை நாலில் ஒரு பங்கு. அதற்கு 137க்கு 29.

துணியின் சொந்தக் கரை கீழே வரும்படி வெட்டுங்கள், மடித்துத் தைக்கிற வேலை மிச்சம். வெட்டிய மற்றப் பக்கங்களை 3 மி.மீ. மடித்துக் கையால் தையுங்கள். பெரிய சேலையின் அகலக் கரை பொம்மைக்கு ஒத்துவராது. 1 செ.மீ. கரையுள்ள துண்டாகத் தேடுங்கள், சால்வைக் கரைகளில் கிடைக்கும். கொய்யகத்தை ஊசி குத்தி நிறுத்தி, மெல்லிய கஞ்சித் தண்ணீர் தெளித்து, இஸ்திரிக்கை போட்டு, ஆறியபின் மேல் விளிம்பில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் பிள்ளைகள் கழற்றிக் கட்ட இலேசு. சட்டைக்குப் பின்பக்கம் பிரஸ் பட்டன். கொக்கி வேண்டாம், மயிரில் மாட்டும்.

சாயப் பரிசோதனை கட்டாயம். வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, சேலைத் துண்டோடு சேர்த்துச் சுருட்டி, கனமான புத்தகத்துக்குக் கீழே ஒரு இரவு விடுங்கள். விடிய வெள்ளையில் சிவப்போ நீலமோ இருந்தால், தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அப்படியும் இறங்கினால் அந்தத் துணி பொம்மைக்கு ஆகாது. தேறிய துணிக்கும் உள்ளே வெள்ளைப் பாவாடை போட்டே கட்டுங்கள். கடும் சிவப்பும் கருநீலமும் வினைலில் இறங்கினால் தோலுக்கு உள்ளேயே போய்விடும், மேலே துடைத்து வேலை இல்லை.

வாழைச்சேனை: மாமி வெளிநாட்டில இருந்து கொண்டுவந்த பார்பியின்ட முதுகில 1966 எண்டு இரிக்கு. அறுபது வருசப் பழசா? விற்கலாமா?

அந்த எண் உடம்பின் உரிமம் பதிந்த வருடம். இடுப்புத் திரும்புகிற அந்த உடம்பை 1990கள் வரைக்கும் வார்த்தார்கள், எண்ணை மாற்றவில்லை. பக்கத்தில் நாட்டுப் பெயர் இருக்கும். ஆரம்பகாலப் பார்பி ஜப்பானில் செய்தது. மலேசியா, சீனா, இந்தோனேசியா என்றிருந்தால் பெரும்பாலும் 1980களோ 1990களோ. தலையை மெதுவாகச் சரித்துப் பிடரி விளிம்பைப் பாருங்கள், 1976 என்று இருந்தால் அதுவும் தலை அச்சின் வருடம்தான். பிள்ளை விளையாடிய, பெட்டியில்லாத அந்தக் காலத்துப் பொம்மைக்குப் பெரிய விலை வராது. மகளுக்கே கொடுங்கள்.

களுவாஞ்சிக்குடி: எவ்வளவு காசு கொண்டுபோற? பெரிய பொம்மையக் கண்டு அழுதா என்ன செய்யிற?

நுழைவுச் சீட்டையும் சாப்பாட்டையும் உங்களிடம் வையுங்கள். பிள்ளைக்கென்று ஒதுக்கியதை நூறு ரூபாத் தாள்களாக அவர் கையிலேயே கொடுங்கள். முதல் சுற்றில் ஒன்றும் வாங்குவதில்லை, பார்ப்பது மட்டும். இரண்டாம் சுற்றில் வாங்கலாம். முடிகிற நேரம் சில மேசைகளில் விலை இறங்கும், திருப்பிச் சுமக்க யாருக்கும் விருப்பமில்லை.

அந்த 60 செ.மீ. பொம்மை சின்னப் பிள்ளைக்கு உரியது இல்லை. ஒன்றரை, இரண்டு கிலோ பாரம். தயாரிக்கிறவர்கள் பலர் 14, 15 வயதுக்கு மேல் என்றே போடுகிறார்கள். அதே பாணியில் மலிவாக வந்தால் “ரீகாஸ்ட்டா?” என்று கேளுங்கள்: ஒருவர் செதுக்கியதை இன்னொருவர் அச்செடுத்து வார்த்த திருட்டு நகல். பல கூடல்களில் அதை மேசையில் வைக்கவே விடமாட்டார்கள், பிறகு விற்கவும் ஏலாது.

பாவித்த வினைல் பொம்மை வாங்கும்போது காலைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுத்தால் வினைல் கெடத் தொடங்கிவிட்டது. மயிரைப் பிரித்து உச்சியில் வெறுமை இருக்கிறதா பாருங்கள். மணந்தும் பாருங்கள். பூஞ்சண மணம் துணி உடம்புக்குள் போயிருந்தால் நம்முடைய மார்கழி மழைக்கு அது இன்னும் கூடும், பக்கத்தில் உள்ளதற்கும் பரவும்.

திருக்கோவில்: எனக்குப் பொடியன்தான். பொம்மை விழாவுக்குக் கூட்டிப்போனா சிரிப்பாங்களா?

இல்லை. சேகரிக்கிறவர்களில் ஆண்கள் நிறையப் பேர். 1964இல் வந்த ஜி.ஐ. ஜோ ஏறத்தாழ 30 செ.மீ. உயரமுள்ள, உடுப்பு மாற்றுகிற பொம்மைதான். பொடியன்மாருக்கு விற்கவேண்டும் என்று ‘பொம்மை’ என்று சொல்லாமல் விற்றார்கள்.

கோட்டைமுனை: பிள்ளை ஒண்ட உடைச்சிட்டா?

நீங்கள் ஒட்டப் போக வேண்டாம். அசையாமல் நின்று, உடையவரைக் கூப்பிட்டு, சிதறியதில் கடுகளவு துண்டையும் பொறுக்கிக் கடதாசியில் போட்டுக் கொடுங்கள். பீங்கானைத் திருத்த அந்தத் தூளும் தேவைப்படும். விக் கழன்றது, கை கழன்றது எல்லாம் உடைந்த கணக்கில் வராது, உடையவர் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடுவார். உண்மையில் உடைந்திருந்தால் திருத்தச் செலவைக் கேட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். பிள்ளையை அந்த இடத்தில் அடிக்கவோ கத்தவோ வேண்டாம். மன்னிப்பைப் பிள்ளையே கேட்கட்டும்.

கல்முனை: போய்வந்த பிறகு பொம்மையின்ட காலில நீலக் கறை. என்ன போட்டா போகும்?

வினைல் என்றால் முகப்பருவுக்குப் பூசுகிற பென்சாயில் பெரொக்சைட் கிறீம், 10 வீதம், மருந்துக்கடையில் கேளுங்கள். கறையின் மேல் மட்டும் பூசி, மெல்லிய பொலித்தீனால் மூடி, கறைபட்ட காலைச் சில மணித்தியாலம் வெயிலில் வைத்துத் துடையுங்கள். ஒரே நாளில் போகாது, நாலைந்து நாள் எடுக்கும். ஒவ்வொரு முறையும் நிறத்தைப் பார்த்து நிறுத்துங்கள், கூடினால் அந்த இடம் வெளிறிப்போகும். வரைந்த முகம், நகம், மயிருக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளையின் கைக்கும் எட்டக் கூடாது.

ரெசின் என்றால் இந்தக் கிறீமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வெயில் ரெசினை மஞ்சளாக்கும். ஈரமான மெலமைன் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போதும். படம் எடுக்கக் கடற்கரைக்கும் கொண்டுபோயிருந்தால், முதலில் மூட்டுக்குள் இருக்கிற மணலை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். மணலோடு மூட்டைத் திருப்பினால் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உள்ளே இருக்கிற இரும்புக் கொக்கிகளை உலரவிடுங்கள். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்தால், அடுத்ததாகக் கழுத்தில் மண்ணிறக் கறையைத் தேய்க்க வேண்டிவரும்.