பாலம் கட்டிய தாத்தாவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் படித்து, அங்கேயே திருமணமும் செய்துகொண்டாள். மருமகனின் தாத்தா யூதர். வியன்னாவில் பிறந்து, 1939-இல் எட்டு வயதில் பெற்றோரை விட்டுத் தனியாக ரயிலேறி இங்கிலாந்துக்கு வந்து, படித்து, பாலம் கட்டும் எஞ்சினியர் ஆனவர். கல்யாணத்துக்கு எண்பது வயதுக்கு மேல் சுங்கை சிப்புட் வரை வந்தார். மறுநாளே கராய் பழைய ரயில் பாலத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனார். "ஒரு மணி நேரம் இரும்பையே தடவிக்கொண்டிருந்தார்" என்று இவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் தவறிவிட்டார், வருஷம் திரும்பப் போகிறது. எல்லோரும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பும்படி பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. பேப்பரில் படம் போட்டு நினைவஞ்சலி கொடுக்கலாமா, படையல் போடலாமா, மாலை அனுப்பலாமா? கொழுந்தனார் வேறு, "யூதர் என்று தெரிந்தால் வம்பு" என்கிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எழுத ஒன்றும் இல்லை என்கிறீர்கள், ஆனால் கடிதத்திலேயே பாதியை எழுதிவிட்டீர்களே அம்மா. அந்தப் பாலத்தை எழுதுங்கள். அவர் எங்கே படித்தார், எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதெல்லாம் அவர் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். கராயில் அவர் என்ன செய்தார் என்பது உலகத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அது விக்டோரியா பாலம். 1897-இல் வேலை தொடங்கி 1900-இல் முடித்தார்கள், பேராக் ஆற்றின் மேல் ஒற்றைத் தண்டவாளம். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. அந்தக் காலத்து இரும்புப் பாலத்தில் வெல்டிங் கிடையாது, எல்லாமே ரிவெட் ஆணிதான். ஆணியை உலையில் சிவக்கக் காய்ச்சி, துளையில் விட்டு, தலையை அடித்துப் பரத்துவார்கள். ஆறும்போது அது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஆணித் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். அசைவு இருந்தால் விரலுக்குத் தெரியும், சத்தமும் மந்தமாக வரும், சில சமயம் ஆணியைச் சுற்றித் துருக்கறை கோடு கோடாக வடிந்திருக்கும். அதனால் அவர் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தார் என்று இவர் சிரிப்பது, அநேகமாக ஒரு எஞ்சினியர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அவர் எதையாவது எடுத்துத் தட்டினாரா, குனிந்து கீழே தூண்களைப் பார்த்தாரா, என்ன கேட்டார், வெயிலில் தொப்பி போட்டிருந்தாரா என்று இவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆண்பிள்ளைகளிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு முடித்துவிடுவார்கள். அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதுங்கள், மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும்.

வியன்னாக் கதையை நீங்கள் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அது பெரிய கதை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார், அந்த நவம்பரில் யூதர் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கினார்கள். அதற்கடுத்த டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் வெடிக்கும் வரை ஏறக்குறைய 10,000 பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்கு ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள். கழுத்தில் எண் எழுதிய அட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. பலர் அதற்குப் பிறகு தாய் தகப்பனைப் பார்க்கவே இல்லை. உங்கள் சம்பந்தி வீட்டில் அது எப்படி முடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவர்களே சொல்வதுதான் முறை. நீங்கள் கேள்விப்பட்டதை வைத்து எழுதி, அதில் ஒரு வருஷமோ ஊரோ தப்பிப்போனால் அவர்களுக்கு வலிக்கும்.

அப்புறம் சடங்கு. நமக்கு எட்டு, பதினாறு, வருஷத் திதி என்று இருப்பதுபோல அவர்களுக்கும் கணக்கு உண்டு. அடக்கம் முடிந்து ஏழு நாள் வீட்டோடு இருந்து துக்கம் காப்பார்கள், தாழ்வான ஆசனத்தில் உட்காருவார்கள், பல வீடுகளில் கண்ணாடியை மூடிவிடுவார்கள், சமையல் பொறுப்பை அக்கம்பக்கத்தார் ஏற்றுக்கொள்வார்கள். முப்பதாம் நாள் ஒரு கட்டம். வருஷ நாளை அவர்களுடைய எபிரேய நாட்காட்டிப்படி பார்ப்பார்கள். அதுவும் நிலாக் கணக்கு, 19 வருஷத்துக்கு 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே நம் திதி மாதிரியே ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருஷமும் தள்ளித் தள்ளி வரும். சரியான நாளை மருமகனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நாள் பிறப்பதே பொழுது சாயும்போதுதான் என்பதால், முந்தைய நாள் மாலையிலேயே 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுவார்கள். நீங்களும் அன்று வழக்கமாக விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள், அதில் தப்பே இல்லை.

படையல் வேண்டாம். இறந்தவருக்கு முன்னால் உணவு வைப்பது அவர்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது. உங்கள் வீட்டில் நீங்கள் செய்வதை யார் தடுக்கப் போகிறார்கள், ஆனால் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மாலையும் வேண்டாம், அவர்கள் கல்லறையில் பூ வைக்கும் வழக்கம் குறைவு, போகிறவர்கள் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு வருவார்கள். மாலைக்கு ஆகும் காசில் அவர் பெயரால் தர்மம் செய்யுங்கள், அதை அவர்கள் பெரிதாக மதிப்பார்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காம்பஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தால் எஞ்சினியர் தாத்தாவுக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

பேப்பரில் போடலாம், ஆனால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. நம் நினைவஞ்சலிகளைத் தினமும் பார்க்கிறேன், பெயரை மாற்றினால் ஒருவருடையது இன்னொருவருக்கு அப்படியே பொருந்திவிடும். "சிவபதம் அடைந்தார்" என்றும், மேலே ஓம், ஓரத்தில் குத்துவிளக்கு என்றும் அச்சகத்தார் அவர்கள் பாட்டுக்குப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த வருஷம், மறைந்த வருஷம், வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் பாலங்கள் கட்டியவர், சுங்கை சிப்புட்டுக்கு வந்து நம்மோடு உண்டவர். இவ்வளவு போதும்.

கொழுந்தனார் பயப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜனங்களுக்குச் செய்திகளில் வரும் சண்டைதான் ஞாபகம் வருகிறது. எட்டு வயதில் ஊரை விட்டு ஓடிவந்த ஆளுக்கும் இன்றைய அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? விளம்பரத்தில் மதத்தை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இந்து என்று யாரும் போட்டுக்கொள்வதில்லையே. அதற்காக யாராவது நேரில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் தாத்தா பெயரை வைக்கப் பேச்சு எழலாம். ஐரோப்பிய யூதர் வழக்கத்தில் உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கமாட்டார்கள், காலமான பிறகு வைப்பார்கள். ஆக இப்போது அந்தப் பேச்சு வந்தால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: பினாங்கில் யூதர் கல்லறை இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உண்மைதான். 1805-இல் ஏற்படுத்தியது, 100-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. 1929-இல் நாகூர் ரோட்டில் ஒரு தொழுகைக்கூடமும் திறந்தார்கள். முழுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும், அந்தப் பத்துப் பேர் தேறாமல் 1976-இல் மூடிவிட்டார்கள். பலர் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். கல்லறை இருக்கும் சாலைக்கு முன்பு ஜாலான் யாஹூடி என்று பெயர். இப்போது ஜாலான் சைனல் அபிடின் என்று கேட்டுப் போங்கள்.