பிறந்தநாள் விழாவுக்கு நிஜப் பழங்காசு எதற்கு?

கேள்வி: கீழடி அருங்காட்சியகம் போய்வந்ததிலிருந்து என் மகன் எதையாவது தோண்டிக்கொண்டே இருக்கிறான். எட்டாவது பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில் மணல் கொட்டி அகழாய்வு விளையாட்டு வைக்க ஆசை. ஈவென்ட்காரர் ஒருவர், "நிஜப் பழங்காசு, பானை ஓடு எல்லாம் புதைத்துத் தருகிறேன், 18 ஆயிரம்" என்கிறார். சரிவருமா? - வாசகி, மதுரை

பதில்: அவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் கொண்டுவருவது அமிலம் தடவிக் களிம்பேற்றிய போலிக் காசாக இருக்கும். நிஜமென்றால் இன்னும் மோசம்; பழைய ஊர் புதைந்திருக்கும் ஒரு மேட்டை யாரோ இரவில் திருட்டுத்தனமாகக் கொத்திப் பார்த்திருக்கிறார்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக்கூடாது.

உடனே பாட்டியின் சுருக்குப்பை நினைவுக்கு வரும். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அச்சானது. நூறு வருடம் ஆகவில்லை, தாராளமாகப் புதையுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1917 வெள்ளி ரூபாய் அப்படியில்லை, அது தொல்பொருள்தான். வீட்டில் இருப்பது குற்றமில்லை. வெளிநாட்டு மாமாவுக்கு அனுப்பினால்தான் வம்பு. ஆனால் மணலில் புதைக்காதீர்கள், தொலைந்துவிடும்.

நான் தொல்லியல் துறையில் வேலையில் இருந்தபோது, உழவில் கிடைத்த காசை ஒப்படைக்க வந்த விவசாயியை மூன்று அலுவலகம் அலையவிட்டார்கள். நாலாவது நாள் அவர் வரவில்லை. தரகர்கள் பிழைப்பது இப்படித்தான்.

மாடியில் மணல் கொட்டவே வேண்டாம், பாரம் தாங்காது. இரண்டு பிளாஸ்டிக் டப் போதும். அடியில் செம்மண், மேலே மணல். குயவரிடம் இரண்டு மண்பானை வாங்கி உடைத்து, விளிம்புகளைக் கல்லில் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிஞ்சு விரல் கிழியும். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று கீறியிருப்பதுபோல, ஆணியால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கீறுங்கள். சில ஓடுகளை வட்டச்சில்லாகத் தேய்த்தால் பிறகு பாண்டி ஆடலாம். பழையது அடியில், புதியது மேலே: ஓடுகள் செம்மண்ணில், சோடா மூடிகள் மணலில்.

டப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி நாலு கட்டமாக்குங்கள். கையில் பிரஷ், ஸ்பூன். எடுத்ததும் எந்தக் கட்டம், எந்த நிற மண் என்று எழுதிய பிறகுதான் அடுத்தது. எழுதாமல் எடுத்தால் அது வெறும் ஓடு. கடையில் விற்கும் டைனோசர் கிட் வேண்டாம். டைனோசர் எங்கள் துறையே இல்லை. சுண்ணப்பொடி மூக்கில் ஏறுவதுதான் மிச்சம்.

கேக்கை முதலில் வெட்டிவிடுங்கள். மண் கையோடு யாரும் கேக்குக்குக் காத்திருக்க மாட்டார்கள்.