அமெரிக்க அரசமைப்பை மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

கேள்வி: தமிழ்நாட்டில் சட்டம் படித்துவிட்டு, இப்போது ஹூஸ்டனில் வேறு துறையில் பணிபுரிகிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைதோறும், 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்கு அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தையும் ஆட்சிமுறையையும் அறிமுகம் செய்யும் பத்து வகுப்புகளை எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பலர் அண்மையில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். முகப்புரையில் தொடங்கிப் பிரிவு பிரிவாக நடத்தலாமா? எந்தெந்த வழக்குகளைச் சேர்க்க வேண்டும்?

பதில்: பிரிவு பிரிவாக நடத்த வேண்டாம். ஏழு பிரிவுகளும் 27 திருத்தங்களும் கொண்ட அந்த ஆவணத்தை ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம் என்பதாலேயே, படித்ததும் புரிந்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். அரசியல் கட்சிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டங்களைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று எந்த வரியும் நேராகச் சொல்வதில்லை. 395 உறுப்புகளோடு பிறந்த இந்திய அரசமைப்பைப் படித்த உங்களுக்கு, விடையை உரையிலேயே தேடும் பழக்கம் இருக்கும். இங்கே உரை பெரும்பாலும் அதிகாரத்தைப் பங்கிடுவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே பத்து வகுப்புகளுக்கும் ஒரே கேள்வியை அச்சாணியாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்த விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவனுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு.

முதல் வகுப்புக்கு முதலாம் திருத்தத்தின் ஒற்றை வாக்கியம் போதும். ஆங்கில மூலத்தில் 45 சொற்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, எழுவாயை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எழுவாய் ‘காங்கிரஸ்’, அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். பேச்சுரிமை குடிமகனுக்கு வழங்கப்படுவதாக அந்த வாக்கியம் சொல்லவில்லை. அதைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றலாகாது என்றே சொல்கிறது. பிறகு கேளுங்கள்: ஒரு தனியார் கடை, சமூக ஊடகத்தில் எழுதிய கருத்துக்காக ஊழியரை நீக்கினால் முதலாம் திருத்தம் மீறப்பட்டதா? அநேகமாக எல்லோரும் ஆம் என்பார்கள். இல்லை என்பதே விடை. அத்திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. சரி, மாநிலப் பள்ளி ஒன்று மாணவரின் வாயை அடைத்தால்? காங்கிரஸைப் பற்றிய வாக்கியம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்து சேரும்?

இந்தக் கேள்வியே உங்களை 1868-இல் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தத்துக்கு இழுத்துச் செல்லும். முதல் பத்துத் திருத்தங்களான உரிமைகள் பட்டியல் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த பதினான்காம் திருத்தம் மாநிலங்களை நோக்கிப் பேசியது. அதன் வழியாக, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில், அந்த உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. இதை விளக்கியபின் ‘டிங்கர்’ வழக்கைக் கையிலெடுங்கள். 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகச் சில மாணவர்கள் கறுப்புப் பட்டி அணிந்து பள்ளிக்கு வந்தார்கள்; பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளியின் பணிக்குக் கணிசமான இடையூறு விளைந்தது அல்லது விளையும் என்று எதிர்பார்க்கத் தக்க காரணம் இருந்தது எனப் பள்ளி காட்ட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அளவுகோல். உடனே 2021-ஆம் ஆண்டின் ‘மஹனாய்’ வழக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், ஸ்னாப்சாட்டில் பள்ளியைத் திட்டிய மாணவியைத் தண்டித்தது செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் வகுப்பில் இதற்குமேல் ஆர்வத்தைத் தூண்ட நீங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

அதிகாரப் பிரிவினைக்கு ஒரே ஒரு வழக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் 1952-இன் எஃகு ஆலை வழக்கைத்தான் சொல்வேன். அதற்கு இரண்டு முழு வகுப்புகளை ஒதுக்குங்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். உற்பத்தி நின்றால் போர்முனை பாதிக்கப்படும் என்று கருதிய அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்படி வணிகத்துறைச் செயலர் சாயருக்கு ஆணையிட்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, மாணவர்களிடம் தீர்ப்புக் கேளுங்கள். போர் வீரனுக்கு ஆயுதம் வேண்டாமா என்று பலர் ட்ரூமன் பக்கம் நிற்பார்கள். அதன்பிறகு சொல்லுங்கள்: 1947-இல் தொழிலாளர் உறவுச் சட்டத்தை இயற்றியபோது, இவ்வாறு ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அளிக்கலாமா என்று காங்கிரஸ் ஆலோசித்து, வேண்டாமென்று விட்டிருந்தது. ஜூன் 2 அன்று, 6-3 என்ற கணக்கில், அதிபரின் ஆணை செல்லாதென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். ட்ரூமன் தாமே நியமித்த நால்வரில் இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதினார்கள். அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘நியமித்தவருக்கு விசுவாசம்’ என்ற எளிய கணக்கை மாணவர்கள் சந்தேகிக்கத் தொடங்க இது உதவும். ஆனால் அந்தக் கணக்கு எப்போதுமே பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்த வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக். எனினும் பிற்காலத்தில் அதிகம் எடுத்தாளப்படுவது, அதே முடிவுக்குத் தனிக் காரணங்களோடு நீதிபதி ஜாக்சன் எழுதியதுதான். அவர் ரூஸ்வெல்ட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்து, அதிபரின் அதிகாரத்துக்காக வாதாடிப் பழகியவர். காங்கிரஸின் ஒப்புதலோடு அதிபர் செயல்படும்போது அவரது அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் எதுவும் சொல்லாதபோது அது அந்தி வெளிச்சம்போல் தெளிவற்றிருக்கிறது. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படும்போது மிகவும் தாழ்ந்துவிடுகிறது என்பது அவர் வகுத்த அளவு. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, அந்த வாரச் செய்தித்தாளில் வந்த அதிபர் ஆணைகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று விவாதிக்க விடுங்கள். எந்தக் கட்சிக்காரர் அதிபராக இருந்தாலும் இந்தப் பயிற்சி நடக்கும்.

நாடாளுமன்ற முறையில் வளர்ந்த நாம் செய்யும் பிழை ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் குறிப்பிட வேண்டும். இந்தியாவில் அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் அவையின் உறுப்பினராகிவிட வேண்டும். இங்கே அதற்கு நேர்மாறாக, அரசில் பதவி வகிப்பவர் காங்கிரஸில் உறுப்பினராக இருக்கவே கூடாது என்று முதல் பிரிவின் ஆறாம் உட்பிரிவு தடுக்கிறது. நிதி மசோதா தோற்றால் ஆட்சி கவிழும் என்ற நம் உள்ளுணர்வும் இங்கே வேலை செய்யாது. பணம் ஒதுக்கப்படாவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும், அதிபர் பதவியில் தொடர்வார். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாட்கள் நீடித்தது. மாணவர்களைவிட அவர்களின் பெற்றோருக்கே இது அதிக வியப்பைத் தரும்.

நீங்கள் டெக்சஸில் இருப்பது கூட்டாட்சிப் பாடத்துக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில், செல்வர்கள் வாழும் அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தைவிட அதிக விகிதத்தில் மக்கள் சொத்து வரி கட்டியும், 1967-68-இல் ஒரு மாணவருக்கு 356 டாலரே செலவிட முடிந்தது. அலமோ ஹைட்ஸில் 594 டாலர். சொத்தின் மதிப்பே குறைவு என்பதுதான் காரணம். பெற்றோர் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி அமெரிக்க அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்று 5-4 கணக்கில் அவர்களைத் திருப்பியனுப்பியது. ஆனால் டெக்சஸ் மாநில அரசமைப்பின் ஏழாம் பிரிவு, திறம்பட்ட இலவசப் பொதுப்பள்ளி அமைப்பை நிறுவும் கடமையைச் சட்டமன்றத்தின்மேல் சுமத்துகிறது. அதே எட்ஜ்வுட், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மாநில நீதிமன்றத்தில் வழக்காடி, 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றது. இந்திய நீதித்துறை ஒரே ஏணி, இங்கே அப்படியன்று. மாநில அரசமைப்பின் பொருளைச் சொல்வதில் மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்லே இறுதி. இதை ஒரு வகுப்பில் விளக்கிவிட்டு, 1876-இல் இயற்றப்பட்டு 500-க்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்ட உங்கள் மாநில அரசமைப்பைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குற்றவியல் வழக்குகளுக்குத் தனி உச்ச மன்றம், தேர்தலில் நின்று வெல்லும் நீதிபதிகள் என்று மாணவர்கள் தாமே கண்டுபிடிப்பதற்கு நிறைய இருக்கிறது.

சட்டக் கல்லூரிகள் வழக்கமாகத் தொடங்கும் 1803-இன் ‘மார்பரி’ வழக்கை ஆறாவது வகுப்புக்குத் தள்ளிவையுங்கள். நீதிபதியாக நியமிக்கப்பட்டும் நியமனப் பத்திரம் கைக்கு வந்துசேராத மார்பரிக்குப் பதவி பெறும் உரிமை உண்டு, ஆனால் அதை நேரடியாக வழங்கும்படி ஆணையிட இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமளித்த சட்டம் செல்லாது என்ற அந்த நுட்பமான வாதம், நீதிமன்றத்தின் அதிகார வரம்பு என்றால் என்னவென்று அறியாத பிள்ளைகளுக்கு வெறும் சொற்குவியலாகிவிடும். அந்த நியமனப் பத்திரத்தை உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் விட்டவர், தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி மார்ஷலேதான், அப்போது வெளியுறவுச் செயலராக இருந்தபோது. இதைச் சொன்னால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

தீர்ப்புகளை முழுமையாகப் படிக்கக் கொடுக்காதீர்கள். வழக்குக்கு மூன்று பக்கம், அதில் ஒரு பக்கமாவது மாறுபட்ட தீர்ப்பிலிருந்து இருக்கட்டும். கொடிவணக்க வழக்குகள் இதற்கு நல்ல பயிற்சி: மறுத்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியதை 1940-இல் 8-1 கணக்கில் ஏற்ற நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், 1943-இல், 6-3 கணக்கில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. தனித்து நின்ற ஒருவரின் வாதம் எப்படிச் சட்டமாயிற்று என்பதை மாணவர்கள் அருகருகே வைத்துப் படிக்கட்டும். கருக்கலைப்பு, துப்பாக்கி போன்றவற்றைத் தொடுவதா என்று தயங்குவீர்கள். தொடலாம், ஆனால் ஒவ்வொருவரும் தாம் ஏற்காத பக்கத்துக்காக முதலில் வாதாட வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள். உங்கள் சொந்தக் கருத்தைப் பத்தாவது வகுப்பு முடியும்வரை சொல்லாதீர்கள்.

உரைக்கு, காங்கிரஸ் நூலகத்தினர் தொகுத்த விளக்கவுரையுடன் கூடிய அரசமைப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உச்ச நீதிமன்ற வாதங்கள் 2020 முதல் நேரடியாக ஒலிபரப்பாகின்றன. கடைசி வகுப்பில் நடப்பு வழக்கு ஒன்றின் வாதத்தைப் பத்து நிமிடம் ஒலிக்கவிட்டு, எந்த நீதிபதி எதைக் கேட்டு வழக்கறிஞரைத் திணறடித்தார் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வழக்கின் தீர்ப்பு வெளியாகும் நாளில், அந்தத் தாளோடு அவர்களை மறுபடி நூலகத்துக்கு அழைக்கலாம்.