டிங்கர் பதில்கள்

கேள்வி: 1930களின் கடைசியில் வந்த கார்கள் மட்டும் ஏன் இப்படி வழுவழுவென்று வளைந்திருக்கின்றன? காற்றைக் கிழிக்கவா, வெறும் அழகுக்கா? – வாசகர், ஏற்காடு

பதில்: விளம்பரத்தில் காற்று என்றுதான் போட்டார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு, உண்மைதான். ஆனால் உங்கள் ஊர் 20 கொண்டை ஊசி வளைவிலும் உறுமிக்கொண்டு ஏறும் வண்டிக்குக் காற்று ஒரு பொருட்டா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் கண்ணுக்குத் தகடுதான் தெரியும். முன்பெல்லாம் கூரையின் நடுவே மரச்சட்டமும் மேலே துணியும்தான். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே இரும்புத் தகட்டில் கூரை அடித்தது. தகட்டை அச்சில் வைத்து பிரஸ் எந்திரத்தில் அழுத்தும்போது கூர்மூலை கிழியும், வளைவு தாங்கும். பாதி அழகு அந்த அச்சு கொடுத்தது.

மீதி, ஆட்களின் ரசனை. 1936-இல் வந்த கார்டு (Cord) 810 என்ற அமெரிக்கக் காரில் விளக்குகள் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். டாஷ்போர்டின் இரு முனையிலும் கைப்பிடி. சுற்றினால் விளக்கு வெளியே வரும். இருட்டில், வளைவில் சுற்றிப் பாருங்கள், ஓவியம் ரசிக்கத் தோன்றாது!

புகாட்டி அட்லாண்டிக் காரின் முதுகில் ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, வரிசையாக ஓடும். முதலில் செய்த மாதிரி வண்டி மக்னீசியக் கலவை, வெல்டிங் வைத்தால் பற்றிக்கொள்ளும், அதனால் ரிவெட். பிறகு அலுமினியத்துக்கு மாறியும் அதை விடவில்லை. சுத்த ஜம்பம், ஆனால் பிரமாதம்.

என் ஓட்டு 1938 கெடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷலுக்கு. பக்கவாட்டு ஃபுட்போர்டையே தூக்கிவிட்டார்கள். சேறு தேங்கித் துருப்பிடிக்கும் இடம் ஒன்று ஒழிந்தது.