நாலு வருஷத்தில் வேண்டிய பணத்தை எதில் போடுவது?

கேள்வி: வயது 26. கோவையில் மென்பொருள் வேலை. சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் கிடக்கிறது. மாதம் 12,000 ஒதுக்க முடியும். நாலு வருஷத்தில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அப்பா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. என்கிறார், நண்பர்கள் இண்டெக்ஸ் ஃபண்ட் என்கிறார்கள், வங்கியில் யூலிப் எடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப்பை முதலில் தள்ளிவிடுங்கள். 5 வருஷம் முடியும்வரை அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் நல்ல முதலீடுதான். ஆனால் இந்தப் பணத்துக்கு ஆகாது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தொட்ட மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. பழைய உயரத்தை எட்ட 2010 நவம்பர் ஆகிவிட்டது. பில்டர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அப்பா சொல்வது பத்திரமான இடம். ஆனால் மாதாமாதம் பணம் கட்டும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (தொடர் வைப்பு) 60 மாதத் திட்டம். 3 வருஷத்துக்குப் பிறகு மூடலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் முழுத் தொகைக்கும் சேமிப்புக் கணக்கின் 4% வட்டிதான். மாதம் 12,000 வீதம் 48 மாதம் கட்டினால், ஆர்.டி.யின் 6.7%-ல் சுமார் 85,000 ரூபாய் வட்டி வரும். 4%-ல் 50,000-க்கும் குறைவுதான். இந்த விஷயம் பலருக்குக் கவுன்டரில் பாஸ்புக்கை நீட்டும்போதுதான் தெரியவருகிறது.

எனவே வங்கி ஆர்.டி.யில், காலத்தை நீங்களே 47 மாதம் என்று தேர்ந்தெடுங்கள். தேவைக்கு ஒரு மாதம் முன்னதாகப் பணம் கைக்கு வரும். தொடங்கும் நாளின் வட்டி கடைசித் தவணைவரை மாறாது. தவணை பிடிக்கும் தேதியைச் சம்பளம் ஏறும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளி வையுங்கள். தவணை தவறினால் அபராதம் உண்டு.

கையில் இருக்கும் 3 லட்சத்தில் 1 லட்சம் அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மீதி 2 லட்சத்தை ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் 50,000 வீதம் நாலாகப் பிரியுங்கள். பாதியில் உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் கழித்துத்தான் தருவார்கள். நாலில் ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றும் பாதிக்கப்படாது. விண்ணப்பத்தில் தானாகப் புதுப்பிக்கும் வசதி வேண்டாம் என்று குறிப்பிடுங்கள்.

சிறு நிதி வங்கிகள் கூடுதல் வட்டி தருகின்றன. அங்கே போடுவதானால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு (வங்கி திவாலானால் கிடைக்கும் பாதுகாப்பு). உங்கள் ஆர்.டி. மட்டுமே நாலாவது வருஷத்தில் அதைத் தாண்டிவிடும் என்பதால் இரண்டு வங்கிகளாகப் பிரியுங்கள். வட்டி கைக்கு வராவிட்டாலும் அந்தந்த வருஷ வருமானத்தில் காட்ட வேண்டும்.

கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டான கடன் ஃபண்டில் விற்கும்போதுதான் வரி. ஆனால் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுத் தரம் குறைந்த கடன் பத்திரங்கள் வாங்கும் ஃபண்டுகளும் உண்டு. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 6 கடன் திட்டங்களை மூடியபோது, முதலீட்டாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். போடுவதானால் அரசுப் பத்திரம் அதிகமுள்ள, குறுகிய காலத் திட்டமாகப் பாருங்கள்.

கேள்வி: நகைக்கடையில் 11 மாத நகைச்சீட்டு கட்டுகிறேன். இதையே மூன்று வருஷம் தொடர்ந்து, கடைசியில் பணமாக எடுக்கலாமா?

பதில்: பொதுவாகப் பணமாகத் தர மாட்டார்கள், நகையாகத்தான் வாங்க வேண்டும். செய்கூலி, சேதாரத் தள்ளுபடி கிடைத்தாலும் 3% ஜி.எஸ்.டி. உண்டு. பிறகு விற்றால் தங்கத்தின் எடைக்கு மட்டுமே விலை. டெபாசிட் காப்பீடும் இதற்குக் கிடையாது. கடை மூடினால் கட்டிய பணத்துக்கு அலைய வேண்டியதுதான். வீட்டில் நகை தேவையென்றால் இந்தச் சீட்டை முடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்ததைத் தொடங்காமல் அந்தத் தொகையை ஆர்.டி.க்கு மாற்றுங்கள்.