டீச்சிங் அசிஸ்டென்ட் ஆக எந்தப் படிப்பில் சேர்வது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஊரில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் இங்கிலாந்து வந்து பல வருடங்கள் ஆகின்றன. இளையவனும் இப்போது முழு நாள் பள்ளிக்குப் போகிறான். அவன் படிக்கும் ஆரம்பப் பள்ளியிலேயே டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு விளம்பரம் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் லெவல் 2, லெவல் 3, டிப்ளமோ, வார இறுதியில் சான்றிதழ் என்று தலை சுற்றுகிறது. எதில் சேர்வது? என் ஆங்கில உச்சரிப்போடு இந்த வேலைக்குப் போக முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு எதிலும் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு வகுப்பறைக்குள் போய் உட்காருங்கள். படிப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கிலாந்தில் டீச்சிங் அசிஸ்டென்ட் ஆக இன்ன சான்றிதழ் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. என்ன தகுதி வேண்டும் என்பதை அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்கிறது. பெரும்பாலான பள்ளிகள் கேட்பது ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. எனும் பள்ளி இறுதித் தேர்வில் 4-ஆம் கிரேடு, அல்லது அதற்கு இணையானது. வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் யு.கே. எனிக் அமைப்பின் மூலம் உங்கள் பட்டத்தை ஒப்பிட்டு ஒரு சான்று வாங்கிவைத்தால் உதவும். ஆங்கிலத்துக்கு மட்டும் தனியாக ஏதாவது கேட்டால், ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் எனும் நடைமுறை ஆங்கிலத்துக்கான லெவல் 2 தேர்வு எழுதலாம். 4-ஆம் கிரேடு இல்லாத பெரியவர்களுக்கு, வசிப்பிட நிபந்தனைகள் பொருந்தினால், இந்தப் படிப்பு இலவசம். பக்கத்திலிருக்கும் கல்லூரியில் விசாரியுங்கள்.

வகுப்பறைக்குள் எப்படிப் போவது? மகனுடைய பள்ளி அலுவலகத்தில், "வாரத்தில் ஒரு காலை வந்து குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கலாமா?" என்று கேளுங்கள். ஆரம்பப் பள்ளிகளில் இதற்கு எப்போதும் ஆள் தேவை. மகன் இல்லாத வேறு வகுப்பில் உட்கார வைத்தால் வருத்தப்படாதீர்கள், அதுதான் நல்லது. டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சோதனையைப் பள்ளியே ஏற்பாடு செய்யும். தன்னார்வலர்களுக்கு அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

ஒரு பருவம் போய்வந்த பிறகு படிப்பைப் பற்றி யோசியுங்கள். இதில் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 'அவார்ட்' என்று முடியும் சின்னப் படிப்புகள் பெரும்பாலும் ஏட்டறிவு மட்டும்தான், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். 'சப்போர்ட்டிங் டீச்சிங் அண்ட் லேர்னிங்' லெவல் 2 சான்றிதழ், லெவல் 3 டிப்ளமோ போன்றவை அப்படியல்ல. நீங்கள் பள்ளியில் வேலை செய்வதை மதிப்பீட்டாளர் நேரில் பார்க்க வேண்டும், நீங்களும் ஆதாரங்களைச் சேர்த்துக் கோப்பு தயாரிக்க வேண்டும். கையில் பள்ளி இல்லாமல் டிப்ளமோவுக்குப் பணம் கட்டினால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் முதலில் பள்ளி, பிறகு படிப்பு என்கிறேன். தொடக்க நிலைக்கு லெவல் 2 போதும். குழுக்களைத் தனியாக நடத்தும் நிலைக்குப் போக லெவல் 3. எதில் சேர்வதானாலும், தேர்வுகளையும் சான்றிதழ்களையும் கண்காணிக்கும் ஆஃப்க்வால் என்ற அரசு அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வார இறுதிச் சான்றிதழ்கள் பலவும் அதில் இருக்காது. சம்பளத்தோடு படிக்க லெவல் 3 அப்ரென்டிஸ்ஷிப்பும் உண்டு, அதற்கு உச்ச வயது வரம்பு கிடையாது.

சரி, இந்த வேலைக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? என் மனசுக்கு நெருக்கமான விஷயம் இதுதான்.

லண்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷன் ஆய்வாளர்கள் 2003 முதல் சில ஆண்டுகள் பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். டீச்சிங் அசிஸ்டென்டின் உதவி அதிகம் கிடைத்த குழந்தைகள், அதேபோன்ற நிலையில் இருந்து குறைவான உதவி பெற்ற குழந்தைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறை உதவியாளர்களிடம் இல்லை, அவர்களைப் பயன்படுத்திய விதத்திலும் அவர்களுக்குத் தயாராக நேரம் தராததிலும்தான் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் ஒரு பழக்கம் வெளிப்பட்டது: பிள்ளை கற்றுக்கொண்டதா என்பதைவிட, கொடுத்த வேலை முடிந்ததா என்பதில்தான் கவனம் போயிருந்தது.

இதை ஒரு பையனின் மேசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 52-லிருந்து 37-ஐக் கழிக்க வேண்டும். பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். "பக்கத்திலிருந்து ஒண்ணு கடன் வாங்கு, பன்னிரண்டில் ஏழு போனால் அஞ்சு" என்று சொல்லிவிட வாய் துடிக்கும், அதுவும் கணக்குப் படித்த உங்களுக்கு. சொல்லாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் அசையவில்லை என்றால், "முதலில் என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று மட்டும் கேளுங்கள். அதுவும் பலிக்கவில்லையா, ஒரு சின்னக் குறிப்பு: "நேற்று எண்கோடு போட்டோமே." அப்புறமும் திணறினால், வேறொரு கணக்கைச் செய்து காட்டிவிட்டு இதை அவனிடமே விடுங்கள். விடையைச் சொல்வது கடைசிக்கும் கடைசி.

இன்னொன்று. அவன் வகுப்பில் கற்றிருப்பது நம் கடன் வாங்கும் முறையாக இல்லாமல் இருக்கலாம். எண்கோட்டில் 37-லிருந்து 40-க்கு மூன்று, 40-லிருந்து 52-க்குப் பன்னிரண்டு, ஆகப் பதினைந்து என்று தாவிப் போவார்கள். நம் முறையை நடுவில் நுழைத்தால் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். எந்த வகுப்பில் எந்த முறை என்பதைப் பல பள்ளிகள் 'கால்குலேஷன் பாலிசி' என்ற பெயரில் இணையதளத்திலேயே போட்டிருக்கும். இன்று இரவே எடுத்துப் படியுங்கள்.

உச்சரிப்புக்கு வருகிறேன். உங்கள் பேச்சில் தமிழ் வாடை அடிப்பது தடையே இல்லை. ஆனால் சின்ன வகுப்புகளில் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் முறை, சொல்லித்தருவதற்கு ஒலிகள் சுத்தமாக இருக்க வேண்டும். முதலாம் ஆண்டு முடிவில் எல்லாக் குழந்தைகளுக்கும் நாற்பது சொற்கள் கொண்ட சோதனை உண்டு. அதில் பாதி, அர்த்தமே இல்லாத புதுச் சொற்கள்; மனப்பாடம் உதவாது, ஒலிகளைச் சேர்க்கத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். 'ஷிப்' என்ற சொல்லை ஷ், இ, ப் என்று பிரிக்க வேண்டும். 'ஷ, இ, ப' என்று அகரம் ஒட்டிச் சொல்லித்தந்தால் சேர்க்கும்போது சொல் கெட்டுவிடும். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள். நமக்கோ முதல் வகுப்பிலேயே புள்ளி வைத்த எழுத்தைச் சொல்லித்தந்துவிட்டார்கள். இது உங்கள் பலம். எஃப்-புக்கும் (f) பி-க்கும் (p), ஸெட்-டுக்கும் எஸ்-ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கவனமாகப் பழகுங்கள். பள்ளி தான் பின்பற்றும் திட்டத்தில் பயிற்சி தரும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தெரியாமல் புதிதாக வந்து சேரும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு நீங்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் விண்ணப்பத்தில் எழுத மறக்காதீர்கள்.

நேர்காணலில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, வீட்டில் தன்னை அடிப்பதாகச் சொல்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறது. "சொல்ல மாட்டேன்" என்று வாக்குத் தரக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. அமைதியாகக் கேட்டு, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, அதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டும். 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்' என்ற அரசு ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

சம்பளத்தில் ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் ஆண்டு முழுதும் முழு நேரம் உழைப்பவருக்கானது. உங்களுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி குறைத்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துத் தருவார்கள். கைக்கு எவ்வளவு வரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு எச்.எல்.டி.ஏ. என்ற உயர்நிலைத் தகுதிக்குப் போகலாம். கணிதப் பட்டம் இருப்பதால் ஆசிரியர் பயிற்சிக்கும் வழி இருக்கிறது.

மகன் பள்ளியின் அந்த விளம்பரத்துக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள், சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' பட்டியலில் கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எழுதுங்கள். சொந்தக்காரர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்ததும் கணக்கில் சேரும். அனுப்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பள்ளி வேலை நேரத்தில் வந்து சுற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.